நம் ஊர்ப் பல்கலைக்கழகம் வளர்ந்த கதை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஏ-லெவல் முடிவுகள் வரும் மாதத்தில் என் கைப்பேசிக்கு ஓய்வே கிடையாது. "மகளை எங்கே சேர்க்கலாம்?" என்று தொடங்கும் பேச்சு, பத்து நிமிடத்தில் "அது சரி, என்யுஎஸ் (சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம்) உண்மையில் எப்போது தொடங்கியது?", "மலாயாப் பல்கலைக்கழகம் நம்முடையதா, மலேசியாவுடையதா?" என்று எங்கெங்கோ போய்விடும். என்யுஎஸ் வளாகம் இருக்கும் கெண்ட் ரிட்ஜில் படித்தவன், பழங்கதை கேட்பதில் ஆசை உள்ளவன், இந்த இரண்டைத் தவிர எனக்கு வேறு தகுதி இல்லை. ஒரே பதிலைப் பலமுறை தட்டச்சு செய்து அலுத்துப்போய், எல்லாவற்றையும் ஓர் இடத்தில் எழுதி வைத்திருக்கிறேன். எந்தப் பாடத்துக்கு எத்தனை மதிப்பெண் வேண்டும் என்று தேடி வந்தவர்கள் அந்தந்தப் பல்கலைக்கழகத்தின் இணையப்பக்கத்துக்குப் போய்விடுங்கள். இங்கே இருப்பது கதை.

என்யுஎஸ் தொடங்கியது 1905-லா, 1949-லா, 1980-லா?

மூன்றும் சரிதான். 'சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம்' என்ற பெயர் வந்தது 1980 ஆகஸ்ட் 8-ல். 'பல்கலைக்கழகம்' என்ற தகுதி இந்த மண்ணுக்கு வந்தது 1949-ல். அதற்கெல்லாம் வேரான மருத்துவப் பள்ளி திறந்தது 1905-ல். பல்கலைக்கழகம் தன் வயதை 1905-லிருந்துதான் எண்ணுகிறது, 2005-ல் நூற்றாண்டு கொண்டாடியது. பிறப்புச் சான்றிதழில் ஒரு தேதி, பள்ளிக்கூடப் பதிவேட்டில் ஒரு தேதி என்று நம் வீட்டுப் பெரியவர்களுக்கு இருப்பதில்லையா, அந்த மாதிரி.

1905-ல் தொடங்கியது ஆங்கிலேய அரசாங்கம்தானே?

பெயர்ப்பலகையில் அரசாங்கம். பணம் ஊர்க்காரர்களுடையது. அப்போது இங்கே மருத்துவமனைகள் இருந்தன, மருத்துவர்கள்தான் போதவில்லை. உதவி மருத்துவர் வேலைக்குக்கூட வெளியிலிருந்து ஆள் வரவேண்டிய நிலை. 1904-ல் டான் ஜியாக் கிம் என்ற வணிகர் தலைமையில் சீனர்களும் மற்ற இனத்தவரும் சேர்ந்து ஆளுநரிடம் மனுக் கொடுத்தார்கள். வெறும் மனுவோடு நிற்கவில்லை, வசூலும் நடந்தது. திரண்ட தொகை 87,077 வெள்ளி. டான் ஜியாக் கிம் தன் கையிலிருந்து கொடுத்தது 12,000. இன்றைய கணக்கில் பார்க்காதீர்கள். கூலிக்காரர் ஒருவரின் சம்பளம் காசுக் கணக்கில் இருந்த காலம் அது.

1905 ஜூலை 3-ஆம் தேதி பள்ளி திறந்தது. முதல் அணியில் 23 மாணவர்கள். இடம் எது தெரியுமா? சிப்பாய் லைன் பகுதியில் இருந்த பழைய பெண்கள் மனநல விடுதிக் கட்டடம். இந்தியச் சிப்பாய்களின் குடியிருப்பு அங்கே இருந்ததால்தான் அந்தப் பெயர். இன்றைய சிங்கப்பூர்ப் பொது மருத்துவமனை நிற்கும் ஊட்ரம் வட்டாரம் அது. ஐந்து ஆண்டு கழித்து, 1910-ல் படிப்பை முடித்து வெளியே வந்தவர்கள் 7 பேர். பிறகு மாமன்னர் எட்வர்டு நினைவு நிதியிலிருந்து நன்கொடை வந்தது, பள்ளிக்கு ஏழாம் எட்வர்டு பெயரையே சூட்டினார்கள். 1916-ல் பிரிட்டனின் பொது மருத்துவ மன்றம் இந்தப் படிப்பை ஏற்றுக்கொண்டது. 1921-ல் பள்ளி கல்லூரியானது.

மருத்துவம் மட்டுமா? கலை, அறிவியல் எல்லாம் எப்போது வந்தன?

ராஃபிள்ஸ் கல்லூரியோடு வந்தன. 1919-ல் சிங்கப்பூரின் நூற்றாண்டு வந்தபோது நினைவுச்சின்னமாக என்ன செய்யலாம் என்று யோசித்து, ஒரு கல்லூரி கட்டுவது என்று முடிவு செய்தார்கள். சிலை வைத்துவிட்டுப் போகாமல் கல்லூரி கட்டினார்களே, நல்ல யோசனைதான். ஆனால் வேகம் போதவில்லை, வகுப்பு தொடங்க 1928 ஆகிவிட்டது. இங்கேயும் நன்கொடைதான். சர்க்கரை வணிகர் ஊய் தியோங் ஹாம் 150,000 வெள்ளி, யூத வணிகர் மனாசே மேயர் 150,000 வெள்ளி. இருவர் பெயரையும் கல்லூரி இருந்த புக்கித் தீமா வளாகக் கட்டடங்களில் இன்றும் பார்க்கலாம்.

ஒன்றைக் கவனியுங்கள். ராஃபிள்ஸ் கல்லூரி பட்டம் தரவில்லை, பட்டயம்தான் தந்தது. 'குடியேற்ற நாட்டுப் பிள்ளைகளுக்கு இது போதும்' என்ற நினைப்பு அதில் ஒளிந்திருந்ததாகத்தான் எனக்குப் படுகிறது. அந்தப் பட்டயக் கல்லூரியில் படித்த லீ குவான் இயூ, கோ கெங் சுவீ, டோ சின் சாய் மூவரும் பின்னால் நாட்டையே நடத்தினார்கள்.

ஜப்பானியர் காலத்தில் படிப்பு நடந்ததா?

இரண்டு கல்லூரிகளும் நின்றுபோயின. 1942 பிப்ரவரியில், சிங்கப்பூர் வீழ்வதற்கு முந்தைய நாள், குண்டுவீச்சில் இறந்த சக மாணவர் ஒருவரைப் பொது மருத்துவமனை வளாகத்திலேயே அடக்கம் செய்யக் கூடியிருந்த மருத்துவ மாணவர்கள் மேல் மறுபடி குண்டு விழுந்தது. 11 பேர் அங்கேயே இறந்தார்கள். ஊட்ரம் பக்கம் மருத்துவமனைக்குப் போனால், அவசரம் இல்லாத நாளில், அங்கே இருக்கும் போர் நினைவிடத்தில் ஒரு நிமிடம் நின்றுவிட்டு வாருங்கள்.

மலாயாப் பல்கலைக்கழகம் கோலாலம்பூரில் அல்லவா இருக்கிறது? அது எப்படி நம் கதையில் வருகிறது?

மலாயாப் பல்கலைக்கழகம் பிறந்ததே சிங்கப்பூரில்தான். போருக்குப் பிறகு, 1947-ல், கார்-சாண்டர்ஸ் தலைமையிலான குழு வந்து பார்த்துவிட்டு, மருத்துவக் கல்லூரியையும் ராஃபிள்ஸ் கல்லூரியையும் இணைத்து முழுப் பல்கலைக்கழகம் ஆக்கலாம் என்றது. 1949 அக்டோபர் 8-ல் மலாயாப் பல்கலைக்கழகம் உருவானது. சிங்கப்பூர், மலாயா இரண்டுக்கும் ஒரே பல்கலைக்கழகம், இருப்பிடம் புக்கித் தீமா.

1957-ல் மலாயா விடுதலை அடைந்தது. தனி நாட்டின் பல்கலைக்கழகம் இன்னொரு ஊரில் இருப்பது பொருத்தமாக இல்லை. 1959 தொடக்கத்தில் சிங்கப்பூர்ப் பிரிவு, கோலாலம்பூர்ப் பிரிவு என்று ஒரே கூரையின்கீழ் இரண்டு அடுப்பு. 1962 ஜனவரி 1 முதல் தனிக்குடித்தனம். கோலாலம்பூரில் இருந்தது பழைய பெயரை எடுத்துக்கொண்டது, இங்கே இருந்தது சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகம் ஆனது. அதனால்தான் இரு பல்கலைக்கழகங்களுமே 1905-ஐத் தங்கள் தொடக்கமாகச் சொல்லிக்கொள்கின்றன. தாத்தா ஒருவர்தான், பேரப்பிள்ளைகள் இரண்டு வீட்டில்.

அந்தக் காலத்து மாணவர்கள் அரசியலில் தீவிரமாக இருந்தார்களாமே?

இருந்தார்கள். 1954 மே மாதம் பல்கலைக்கழகச் சோஷலிசக் கழகத்தைச் சேர்ந்த எட்டுப் பேரைக் காவல்துறை பிடித்துக்கொண்டு போனது. அவர்கள் நடத்திய 'ஃபஜார்' ஏட்டின் தலையங்கம் ராஜதுரோகம் என்று வழக்கு. ஃபஜார் என்றால் மலாயில் விடியல். லண்டனிலிருந்து டி.என். பிரிட் என்ற வழக்கறிஞர் வந்தார், அவருக்குத் துணையாக நின்றவர் இளம் வழக்கறிஞர் லீ குவான் இயூ. ஆகஸ்டில் எல்லாரும் விடுதலை.

அந்த எட்டுப் பேர் பட்டியலைத் தமிழ்க் கண்ணோடு பாருங்கள். ஜேம்ஸ் புதுச்சேரி, எம்.கே. ராஜகுமார், பி. அருட்சோதி, தாமஸ் வர்கி, எட்வின் தம்பு. ஐந்து பேர் தெற்காசியப் பின்னணி கொண்டவர்கள். எட்வின் தம்புவின் தந்தை தமிழர், பள்ளி ஆசிரியர். தாயார் சீனர். அன்று குற்றவாளிக் கூண்டில் நின்ற அதே தம்பு பின்னால் சிங்கப்பூரின் முன்னணி ஆங்கிலக் கவிஞர் ஆனார், 1980 முதல் 1991 வரை என்யுஎஸ் கலைப்புல முதல்வராகவும் இருந்தார்.

தமிழுக்கு என்று ஒரு துறை இருந்ததா?

என்னிடம் மிகக் குறைவாகக் கேட்கப்படும் கேள்வி இதுதான். ஆனால் நான் மிக நீளமாகப் பதில் சொல்வதும் இதற்குத்தான். பொறுத்துக்கொள்ளுங்கள்.

இருந்தது. மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்திய ஆய்வியல் துறை 1956-ல் சிங்கப்பூரில் தொடங்கியது. அது தானாக வரவில்லை. துறை தொடங்கலாம் என்று பேச்சு எழுந்ததுமே, 'எந்த மொழி?' என்ற கேள்வியும் எழுந்தது. ஆலோசனை சொல்ல அழைக்கப்பட்டவர் வரலாற்றறிஞர் க.அ. நீலகண்ட சாஸ்திரி. அவர் சமஸ்கிருதத்துக்கு முதலிடம் கொடுக்கச் சொன்னார். சோழர் வரலாற்றை எழுதியவரே இப்படிச் சொன்னது இங்கிருந்த தமிழர்களுக்குச் சுருக்கென்று தைத்தது. இந்த நாட்டில் வாழும் இந்தியர்களில் பெரும்பாலோர் பேசுவது தமிழ், துறைக்கு அடிப்படையாகத் தமிழ்தான் இருக்கவேண்டும் என்று கிளர்ச்சி எழுந்தது. முன்னால் நின்றவர் கோ. சாரங்கபாணி, 1935-லிருந்து வந்துகொண்டிருந்த தமிழ் முரசின் ஆசிரியர். கடைசியில் தமிழே அடிப்படையாயிற்று.

சரி, துறை கிடைத்தது, புத்தகம் வேண்டுமே? 'தமிழ் எங்கள் உயிர்' என்ற பெயரில் சாரங்கபாணி நிதி திரட்டினார். துறையின் நூலகத்துக்குத் தமிழ் நூல்கள் வாங்கித் தரத்தான் அந்த நிதி. பெரும் பணக்காரர்களின் காசோலையை மட்டும் நம்பிய வசூல் இல்லை அது. சாதாரண உழைப்பாளிகளிடமும் கைநீட்டி வாங்கிய பணம். பல்கலைக்கழக வாசலைத் தாண்டிப் போயிருக்காதவர்கள், தங்கள் பிள்ளைகளாவது போவார்களா என்று உறுதியாகத் தெரியாதவர்கள், ஒரு நூலகத்துக்குப் பணம் கொடுத்திருக்கிறார்கள். எங்கள் தாத்தாவும் அந்த நாளில் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்தான். அவர் கொடுத்தாரா என்று கேட்டிருக்கலாம். இதெல்லாம் எனக்குத் தெரியவந்தபோது கேட்பதற்கு அவர் இல்லை.

அப்புறம்தான் திருப்பம். பல்கலைக்கழகம் இரண்டாகப் பிரிந்தபோது இந்திய ஆய்வியல் துறை கோலாலம்பூர்ப் பக்கம் போய்விட்டது. அங்கே அது நன்றாகவே வளர்ந்தது. 1961 முதல் தனிநாயகம் அடிகள் துறைத்தலைவராக இருந்தார். 1966 ஏப்ரலில் முதல் உலகத் தமிழ் மாநாடு கோலாலம்பூரில் கூடியதற்குப் பின்னால் இருந்தவரும் அவரே. இன்றும் அந்தத் துறை அங்கே இருக்கிறது. நமக்குத்தான் இங்கே தமிழுக்கென்று ஒரு பல்கலைக்கழகத் துறை இல்லாமல் போனது. பங்காளி வீட்டுக்குப் போன பாத்திரத்தைத் திரும்பக் கேட்க முடியுமா என்ன?

மனக்குறை என்று சொன்னால் எனக்கு அது ஒன்றுதான். கோலாலம்பூர் மேல் இல்லை. அங்கே போன துறைக்கு ஈடாக இங்கே ஒன்று எழவில்லையே என்பதுதான்.

தமிழ்ப் பள்ளியில் படித்தவர்கள் அப்போது பல்கலைக்கழகம் போக முடிந்ததா?

வழி மிகக் குறுகல். தமிழ்வழி உயர்நிலைக் கல்விக்கு இருந்தது உமறுப் புலவர் தமிழ் உயர்நிலைப்பள்ளி ஒன்றுதான். அதுவும் 1982-ல் மூடியது. அங்கே முடித்துவிட்டு ஆங்கிலவழிப் பல்கலைக்கழகத்தில் நுழைவது மலையேற்றம். சீனவழியில் படித்தவர்களுக்கும் இதே சிக்கல்தான், ஆனால் அவர்கள் எண்ணிக்கை பெரிது, பண பலமும் பெரிது. அவர்கள் தங்களுக்கென்று ஒரு பல்கலைக்கழகத்தையே கட்டிக்கொண்டார்கள்.

அதுதான் நன்யாங்கா? ரிக்‌ஷாக்காரர்கள் பணம் கொடுத்தார்கள் என்பது உண்மையா?

உண்மைதான், ரிக்‌ஷா என்பது சைக்கிள் ரிக்‌ஷா. 1953-ல் ரப்பர் வணிகர் டான் லார்க் சை சீனவழிப் பல்கலைக்கழகம் வேண்டும் என்று முன்மொழிந்தார். அவர் தலைவராக இருந்த ஹொக்கியென் சங்கம் ஜூரோங்கில் 500 ஏக்கருக்கு மேல் நிலம் கொடுத்தது. 1954-ல் சைக்கிள் ரிக்‌ஷாக்காரர்கள் ஒருநாள் முழுக்க ஓட்டிய வருமானத்தை அப்படியே நிதிக்குக் கொடுத்தார்கள். டாக்சி ஓட்டுநர்கள் கொடுத்தார்கள். நடன விடுதிப் பெண்கள்கூட நிதிக்காக ஆடினார்கள். 1956 மார்ச்சில் வகுப்பு தொடங்கியது.

ஆனால் அதன் வாழ்க்கை சுலபமாக இல்லை. கம்யூனிஸ்ட் செல்வாக்கு என்ற சந்தேகம் எப்போதும் கூடவே இருந்தது. பட்டத்துக்கு அரசாங்க அங்கீகாரம் கிடைக்க 1968 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. டான் லார்க் சையின் குடியுரிமையே பறிபோனது. சீனக் குடும்பங்களே பிள்ளைகளை ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்பத் தொடங்கியதும், சேர வரும் மாணவர் தரமும் எண்ணிக்கையும் இறங்கின. 1975-ல் பாடமொழி ஆங்கிலமானது. 1980-ல் சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகத்தோடு இணைக்கப்பட்டது. அந்த இணைப்பில் பிறந்ததுதான் என்யுஎஸ்.

இணைத்தது சரியா, தவறா?

என் சீன நண்பர்களின் அப்பாக்களிடம் இதைக் கேட்டால் சாப்பாடு ஆறிவிடும். ஒரு சின்ன நாட்டுக்கு ஒரு வலுவான பல்கலைக்கழகம் போதும் என்பது அரசாங்கம் சொன்ன காரணம். பிரிட்டனிலிருந்து வந்து பார்த்த ஃபிரெடெரிக் டெயின்டன் என்ற அறிஞரும் அதையே பரிந்துரைத்தார். வேலைச் சந்தையில் பட்டதாரிகள் பட்ட சிரமத்தைப் பார்த்தால் அந்தக் காரணத்தைத் தள்ளிவிட முடியாது. ஆனால், ஒருநாள் கூலியைக் கொடுத்தவரின் கண்ணில் அது இணைப்பாகத் தெரிந்திருக்காது, மூடுவிழாவாகத்தான் தெரிந்திருக்கும். நமக்கு ஒரு துறை கைவிட்டுப் போனதையே ஐம்பது அறுபது வருடமாகப் பேசிக்கொண்டிருக்கிறோம்.

அந்த இடம்தான் இன்றைய என்டியுவா?

ஆமாம். 1981-ல் நன்யாங் தொழில்நுட்பக் கழகம் அதே வளாகத்தில் பொறியியல் கல்விக்காகத் தொடங்கியது. 1991 ஜூலை 1-ல் அது நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் ஆனது, ஆசிரியர் பயிற்சிக்கான தேசியக் கல்விக் கழகமும் அதன் குடைக்குள் வந்தது. பழைய நன்யாங்கின் பட்டதாரிகள் பட்டியல் 1996-ல் என்டியுவிடம் ஒப்படைக்கப்பட்டது. அங்கே இருக்கும் அனைத்துலக உறவுக் கல்விநிலையத்தின் பெயர் எஸ். ராஜரத்தினம். நம் முதல் வெளியுறவு அமைச்சர், பிறந்தது யாழ்ப்பாணத்தில். லண்டனுக்குச் சட்டம் படிக்கப் போய் முடிக்காமல் எழுத்தாளராகத் திரும்பியவர். பட்டம் முடிக்காதவர் பெயரில் முதுநிலைக் கல்விநிலையம்! படிப்பை முடிக்காத எந்தப் பிள்ளையிடமும் இதைச் சொல்லிவிடாதீர்கள்.

கெண்ட் ரிட்ஜுக்கு எப்போது போனார்கள்? ஏன் குன்றின் மேல்?

புக்கித் தீமாவில் இடம் போதவில்லை. 1970-களில் கெண்ட் ரிட்ஜில் கட்டத் தொடங்கி, துறைகள் ஒவ்வொன்றாக இடம் மாறின. பழைய பெயர் பாசிர் பாஞ்சாங் மேடு. 1952-ல் கெண்ட் கோமகளும் அவர் மகனும் வந்துபோனதன் நினைவாகப் பெயர் மாறியது. அதற்குப் பத்து ஆண்டு முன்னால், 1942 பிப்ரவரியில், மலாய்ப் படைப்பிரிவு ஜப்பானியரை எதிர்த்துக் கடைசிவரை நின்ற இடமும் அந்த மேடுதான்.

குன்றை வெட்டிச் சமப்படுத்தாமல் சரிவோடு சரிவாகக் கட்டியிருக்கிறார்கள். அதனால் ஒரு வேடிக்கை. ஒரு கட்டடத்தில் ஐந்தாம் மாடி நடைபாதையில் நேராக நடந்துபோனால், படியேறாமல் இறங்காமல் அடுத்த கட்டடத்தின் மூன்றாம் மாடியில் இருப்பீர்கள். முதல் வாரம் நான் பொருளியல் விரிவுரைக்குக் கிளம்பி, வேர்க்க விறுவிறுக்க ஏறி, யாரோ தத்துவம் நடத்திக்கொண்டிருந்த அறைக்குள் போய் உட்கார்ந்தேன். எழுந்து வர வெட்கப்பட்டு ஒரு மணி நேரம் கேட்டேன். மோசமில்லை.

நான் படித்த நாளில் கிளமெண்டியிலிருந்தும் புவன விஸ்தாவிலிருந்தும் பேருந்துதான். 95-ஆம் எண் பேருந்தில் இடம் கிடைப்பதே ஒரு தேர்வு. 2011-ல்தான் வட்டப்பாதையில் கெண்ட் ரிட்ஜ் ரயில் நிலையம் திறந்தது. அதே ஆண்டு, பழைய கோல்ஃப் திடல் இருந்த நிலத்தில் மாணவர் குடியிருப்போடு பல்கலைக்கழக நகரமும் திறந்தது.

இங்கே படித்தவர்களில் தமிழர்கள் யார் யார்?

பட்டியல் போட்டால் யாராவது ஒருவர் விட்டுப்போய்ச் சண்டை வரும். இருவரை மட்டும் சொல்கிறேன். எஸ். ஜெயகுமார் சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்தார், அதே சட்டப்புலத்துக்கு முதல்வரானார், பிறகு துணைப் பிரதமர்.

இன்னொருவர் எஸ்.ஆர். நாதன். சின்ன வயதில் வீட்டை விட்டு ஓடியவர், ஜப்பானியர் காலத்தில் மொழிபெயர்ப்பாளர் வேலை பார்த்தவர். படிப்பு நின்று போய், வேலை பார்த்துக்கொண்டே தேர்வுகள் எழுதி, மலாயாப் பல்கலைக்கழகத்தில் சமூக ஆய்வியல் பட்டயம் வாங்கியது 1954-ல். வயது 30. 1999-ல் அதிபரானபோது, இந்நாட்டு மரபுப்படி அதே பல்கலைக்கழகத்துக்கு வேந்தரும் ஆனார். 2016 ஆகஸ்டில் அவருடைய அரசு மரியாதை இறுதிச்சடங்கு நடந்ததும் கெண்ட் ரிட்ஜில், பல்கலைக்கழகக் கலாசார மண்டபத்தில்தான். அவருக்குப் பிடித்த தமிழ்ப் பாட்டு ஒன்றை அங்கே ஒலிக்கவிட்டார்கள். ஆங்கிலப் பேச்சுகளுக்கு நடுவே அந்தப் பாட்டு வந்தபோது, தொலைக்காட்சி முன் உட்கார்ந்திருந்த என் அம்மா அதுவரை அழாதவர் அழுதார்.

இப்போது மொத்தம் எத்தனை பல்கலைக்கழகம்?

அரசாங்க ஆதரவோடு தன்னாட்சி நடத்துபவை ஆறு. என்யுஎஸ், என்டியு, 2000-ல் வந்த நிர்வாகப் பல்கலைக்கழகமான எஸ்எம்யு, 2012-ல் முதல் மாணவர்களைச் சேர்த்த தொழில்நுட்ப வடிவமைப்புப் பல்கலைக்கழகம், பலதுறைத் தொழிற்கல்லூரி முடித்தவர்களை மனத்தில் வைத்து 2009-ல் தொடங்கிய சிங்கப்பூர் தொழில்நுட்பக் கழகம், 2017-ல் ஆறாவதாகச் சேர்ந்த சமூக அறிவியல் பல்கலைக்கழகம். 1949-ல் சில நூறு மாணவர்கள் இருந்த இடம், என்யுஎஸ் ஒன்றிலேயே இன்று நாற்பதாயிரத்தைத் தாண்டிவிட்டது. எங்கள் காலத்தில் 'யூனிவர்சிட்டி' கிடைத்த பையனுக்குத் தெருவே இனிப்புக் கொடுக்கும். இப்போது கிடைக்காவிட்டால்தான் தெரு விசாரிக்கிறது.

யேல்-என்யுஎஸ் மூடிவிட்டார்களாமே?

அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகமும் என்யுஎஸ்ஸும் சேர்ந்து நடத்திய கல்லூரி அது. 2013-ல் முதல் மாணவர்கள், 2021-ல் மூடும் அறிவிப்பு, 2025-ல் கடைசி அணி. அதன் இடத்தில் என்யுஎஸ் கல்லூரி வந்திருக்கிறது. மாணவர்களுக்கு அறிவிப்பு திடீரென்று வந்ததுதான் பலருக்கு வருத்தம். இணைப்புகளும் பிரிவுகளும் இந்தப் பல்கலைக்கழகத்துக்குப் புதிதல்ல என்பது மேலே படித்தவர்களுக்குத் தெரியும்.

என் மகள் தமிழில் பட்டம் படிக்க விரும்புகிறாள். இங்கேயே முடியுமா?

முடியும். சமூக அறிவியல் பல்கலைக்கழகத்தில் தமிழ்மொழி, இலக்கியத்துக்கு இளங்கலைப் பட்டம் இருக்கிறது. வேலை பார்த்துக்கொண்டே மாலை வகுப்பில் படிப்பவர்கள் அங்கே நிறைய. தமிழாசிரியர் ஆக வேண்டுமானால் என்டியு வளாகத்தில் இருக்கும் தேசியக் கல்விக் கழகம். என்யுஎஸ்ஸில் மொழியாய்வு மையம் தமிழைப் பாடமாகச் சொல்லித் தருகிறது, ஆனால் முக்கியமாகத் தமிழ் தெரியாதவர்களுக்கு. என் வகுப்பில் இருந்த கொரிய மாணவி ஒருத்தி என்னைவிடத் திருத்தமாக 'ழ' சொல்வாள், அவமானமாக இருக்கும்.

வகுப்புக்கு வெளியேதான் தமிழ் இன்னும் கலகலப்பு. என்யுஎஸ் தமிழ்ப் பேரவை, என்டியு தமிழ் இலக்கிய மன்றம் இரண்டும் மாணவர்களே நடத்துபவை. பேரவையின் 'சங்கே முழங்கு' மேடை நாடகத்துக்கு மாணவர்கள் தூக்கத்தைத் தொலைத்து ஒத்திகை பார்ப்பார்கள். பொறியியல் படிக்கிற பிள்ளை வசனம் எழுதும், மருத்துவம் படிக்கிற பிள்ளை விளக்குப் பிடிக்கும். துறை இல்லாத குறை தெரியாமல் கொஞ்சம் பார்த்துக்கொள்வது அவர்கள்தான்.

செலவுக்கு உதவி கிடைக்குமா?

கிடைக்கும். குடும்ப வருமானத்தைப் பார்த்துக் கொடுக்கும் நிதியுதவி பல்கலைக்கழகத்திலேயே உண்டு, இந்தியக் குடும்பங்களுக்கு இந்தியர் மேம்பாட்டுச் சங்கமான சிண்டாவும் உண்டு. ஊரிலிருந்து பிள்ளைகளை அனுப்ப நினைக்கும் சொந்தங்களுக்கு ஒரு வார்த்தை: வெளிநாட்டு மாணவர் அரசாங்கக் கட்டணச் சலுகையை வாங்கினால், படித்து முடித்தபின் மூன்று ஆண்டு சிங்கப்பூர் நிறுவனத்தில் வேலை பார்க்கும் ஒப்பந்தம் உண்டு. கையெழுத்துப் போடும் முன் முழுக்கப் படியுங்கள்.

பழைய இடங்களை நேரில் பார்க்க முடியுமா?

ஒரு சனிக்கிழமை போதும். காலையில் ஊட்ரம். டான் டெக் குவான் கட்டடம் 1911-ல் கட்டியது, பக்கத்திலேயே 1926-ல் திறந்த மருத்துவக் கல்லூரிக் கட்டடம், தூண்களும் படிகளுமாக. 2005-ல் தொடங்கிய டியூக்-என்யுஎஸ் மருத்துவப் பள்ளியும் அங்கேதான் இருக்கிறது. நூறு ஆண்டு சுற்றி மருத்துவக் கல்வி சிப்பாய் லைனுக்கே திரும்பியிருக்கிறது.

அடுத்து புக்கித் தீமா. பூமலைக்கு (தாவரவியல் பூங்காவுக்கு) போகும் நம்மவர்கள் யாரும் பக்கத்து வளாகத்துக்குள் எட்டிப் பார்ப்பதில்லை. பல்கலைக்கழகம் கெண்ட் ரிட்ஜுக்குப் போனபின் ஆசிரியர் பயிற்சிக் கழகம் அங்கே இருந்தது, பிறகு எஸ்எம்யு சில ஆண்டு குடியிருந்தது, 2006-ல் என்யுஎஸ் சட்டப்புலம் வந்தது. புல்வெளியைச் சுற்றி வளைவு வாசல்கள். மழை நாளில் அந்த நடையில் நனையாமல் ஒரு சுற்று வரலாம்.

மாலையில் ஜூரோங் வெஸ்ட். என்டியுவின் யுனான் தோட்டத்தில் இருக்கும் வளைவு நகல்தான். 1955-ல் கட்டிய அசல் நன்யாங் நுழைவாயில் வளைவு இன்றைய வளாகத்துக்கு வெளியே, ஜூரோங் வெஸ்ட் தெரு 93 பக்கம், அரசாங்க வீடமைப்புக் கழகத்தின் (வீவக) அடுக்குமாடிகளுக்கு நடுவில் தனியாக நிற்கிறது. நான் என் அக்காள் மகனோடு போன மாலையில், வளைவின் கீழே ஒரு சீனப் பெரியவர் பேத்திக்கு இருசக்கர மிதிவண்டி பழக்கிக்கொண்டிருந்தார். "நன்தா, நன்தா" என்று, நன்யாங் பல்கலைக்கழகத்தின் சீனச் சுருக்கப் பெயரைச் சொல்லி, மேலே இருந்த எழுத்துகளைக் காட்டினார். "நீங்கள் படித்த இடமா?" என்று மலாயில் கேட்டேன். "நான் எங்கே படித்தேன், அப்பா டாக்சி ஓட்டினார்" என்றார். அதற்குள் பேத்தி சாய்ந்துவிட, வண்டியைப் பிடிக்க ஓடினார்.